அலமாரி மேல் ஏறிவிட்ட பூனையும் பத்து வார நாய்க்குட்டியும்

கேள்வி: நாங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். உள்ளேயே மாடிப்படி உள்ள சின்ன வீடு. கணவர், எட்டு வயது மகள், மாமியார், நான். மணி என்ற ஆண் பூனை ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறது, கருத்தடை செய்தாகிவிட்டது. போன வாரம் உறவினர் வீட்டிலிருந்து பத்து வார நாய்க்குட்டியைக் கொண்டுவந்தோம். பெயர் ராக்கி, தாய் ஜாக் ரஸ்ஸல் இன நாய். வந்த அன்றே மகள் மணியைத் தூக்கிக்கொண்டு போய் ராக்கியின் முகத்துக்கு நேரே காட்டினாள். மணி அதன் மூக்கைக் கீறிவிட்டுப் பாய்ந்து ஓடியது. அன்றிலிருந்து மாடி அறை அலமாரி மேலேயே கிடக்கிறது, ராத்திரியில்தான் இறங்குகிறது. இரண்டு முறை கட்டிலில் மூத்திரம் பெய்துவிட்டது. கிச்சனில் வைக்கும் அதன் சாப்பாட்டை ராக்கி தின்றுவிடுகிறது. அங்கேயே உள்ள லிட்டர் ட்ரேயில் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு) கிடப்பதையும் விடுவதில்லை. "இரண்டையும் ஒரே ரூமில் போட்டுக் கதவைச் சாத்து, சாயங்காலத்துக்குள் தாமே தீர்த்துக்கொள்ளும்" என்கிறார் கணவர். "முதலில் வந்தது பூனை, நாயைத் திருப்பிக் கொடு" என்கிறார் ஆயா, என் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டது ராக்கியின் துரத்தல் அல்ல, கட்டிலில் இருந்த ஈரம். அதை முதலில் பார்ப்போம்.

மணி கருத்தடை செய்த ஆண் பூனை. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. மன உளைச்சல் வந்தால் சிறுநீர்ப்பை அழற்சி வரலாம். அதில் உண்டாகும் கசடும் படிகங்களும் குழாயை அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். ஆகவே இன்றைக்கே கவனியுங்கள்: அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்குகிறதா, சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறதா, சிவந்த நிறம் தெரிகிறதா, பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா, கத்துகிறதா, வாந்தி எடுக்கிறதா? முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் திறந்திருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டிலில் இருந்தது வழக்கமான அளவு பெரிய ஈரம், பூனையும் மற்றபடி சுறுசுறுப்பு என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அப்போதும் இந்த வாரமே சிறுநீரைப் பரிசோதித்துவிடுவது நல்லது. சுத்தமாகக் கழுவிய காலி ட்ரேயில், கொதிநீரில் அலசிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைப் பரப்பி வைத்தால், தேங்கும் சிறுநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிடலாம். எடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டையும் கண்காணியுங்கள். பூனை முழுதாக இரண்டு நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரத் தொடங்கும். பருத்த பூனைக்கு இது இன்னும் ஆபத்து. மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை போதும். நாலரைக் கிலோ பூனை கால் கிலோ இளைத்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

மெத்தையைக் கழுவ ஜிக் போன்ற ப்ளீச் ஊற்ற வேண்டாம். சிறுநீரோடு அது சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும், வாசனையும் போகாது. என்ஸைம் கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு ஒத்தி எடுங்கள். நாய்க்குட்டி அசிங்கம் செய்த இடத்தில் ஜேய்ஸ் ஃப்ளூயிட் தெளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பூனை உள்ள வீட்டில் அது கூடவே கூடாது. அதுபோன்ற பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாகச் சிதைக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷமாகும்.

பெரும்பாலும் மணி கட்டிலுக்குப் போனதன் காரணம் எளியது. ட்ரே கிச்சனில் இருக்கிறது, கிச்சனில் ராக்கி இருக்கிறது. இறங்கி வர வழியில்லாத பூனை, உங்கள் வாசனை அதிகமாக உள்ள மெத்தையைத் தேர்ந்துகொண்டது. அதற்காகத் திட்டினால் பயம்தான் கூடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன யோசனையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். மூடிய அறையில் பூனைக்கு ஓட இடமில்லை. ஓட முடியாத பூனை முகத்தைத்தான் அடிக்கும். நாய்க்குட்டியின் கண் சற்றே பிதுங்கியிருக்கும். நகம் கருவிழியில் பட்டால் பார்வையே போகலாம். (மூக்கில் கீறியதோடு போனது அதிர்ஷ்டம். ராக்கி ஒரு கண்ணைச் சுருக்கினாலோ, கண்ணில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள்.) அடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். துரத்துவதைப் போல ஒரு ஜாக் ரஸ்ஸல் கலப்புக்கு இனிக்கும் வேலை வேறில்லை. எலியையும் நரியையும் விரட்ட என்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். ஒவ்வொரு துரத்தலும் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு. பூனை ஓடியதும் கிடைக்கும் அந்தக் குதூகலம் எந்தத் தின்பண்டத்தையும் விடப் பெரிது.

ஆயா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் உங்களுக்குச் சாதகமாகவும் சில இருக்கின்றன. நாயும் பூனையும் ஒரே வீட்டில் வாழ்வதைப் பற்றி டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பூனை முதலில் இருந்து, நாய் பிறகு சின்ன வயதில் வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைந்ததாகச் சொல்கிறது. உங்கள் வீடு அந்த வரிசை.

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது, இரண்டுக்கும் காலக்கணக்கு வேறு என்பதை. உலகில் எது சாதாரணம், எது பயப்பட வேண்டியது, எது துரத்த வேண்டியது என்று நாய்க்குட்டி மனதில் பதிய வைக்கும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 14ஆவது வாரத்தில் மங்கிவிடும். ராக்கிக்கு இப்போது பத்து வாரம். அதாவது உங்கள் கையில் இருப்பது ஒரு மாதம். பூனைக்கு அந்தப் பருவம் இரண்டிலிருந்து ஏழு வாரம். மணிக்கு அது முடிந்து ஆறு வருடம் ஆகிறது. அவசரப்படுத்தினால் அது இன்னும் உயரத்துக்குப் போகும், அல்லது வீட்டை விட்டே போகும். நாய்க்கு அவசரம், பூனைக்கு அவகாசம். இந்த இரண்டையும் ஒருங்கே காப்பாற்ற ஒரு வழிதான் இருக்கிறது: ராக்கி தினமும் மணியைத் தூரத்திலிருந்து, அமைதியான நிலையில் பார்க்க வேண்டும், அப்போது மணி எதுவுமே செய்ய வேண்டியிருக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் வீட்டைப் பிரியுங்கள். மாடி முழுக்க மணிக்கு, கீழ்த்தளம் ராக்கிக்கு. படியின் அடியில் ஒரு பேபி கேட் (குழந்தை படியேறாமல் தடுக்கும் சின்னக் கம்பிக் கதவு) போடுங்கள். கடையில் விற்பதில் கம்பி இடைவெளி அகலம். இந்த வயதுக் குட்டி தலையை நுழைத்துவிடும், சில நேரம் சிக்கிக்கொள்ளும். கோழி வலையையோ கெட்டியான பிளாஸ்டிக் வலையையோ உள்பக்கம் அரை மீட்டர் உயரத்துக்குக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். பூனை தாண்டி வர முடியும், குட்டி தாண்ட முடியாது. ராக்கி வளர்ந்ததும் எகிறும். அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கேட் தேவைப்படலாம். ஆயா ஏறி இறங்குபவர் என்றால் காலால் மிதித்துத் திறக்கும் வகை வேண்டாம். கையால் திறப்பதாகவும், கீழே கம்பி குறுக்கே நீளாததாகவும் பார்த்து வாங்குங்கள், தடுக்கி விழாமல் இருக்க.

மாடியில் மணிக்கு லிட்டர் ட்ரே இரண்டு வேண்டும். ஒரு பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது கணக்கு. ட்ரே பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும், மணல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம். மூடி போட்ட ட்ரே இந்தச் சமயத்தில் வேண்டாம். ஒரே வாசல் உள்ள இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பூனை அஞ்சும். சாப்பாடும் தண்ணீரும் ட்ரேக்கு அருகில் இருக்கக் கூடாது. கவிழ்த்து ஒரு பக்கம் வெட்டிய அட்டைப் பெட்டி ஒன்று, ஒளிந்துகொள்ள. பர்க்லர் கார்டு கம்பிகளின் வழியாக வெளியே போய்வரும் பழக்கம் அதற்கு இருந்தால், அந்த ஜன்னலை அடைக்காதீர்கள்; பொழுது சாய்ந்ததும் சாப்பாடு வைத்து உள்ளே அழைத்து, அதன் பிறகு மூடுங்கள். பயந்த பூனை ராத்திரியில் வெளியேதான் தொலையும்.

கீழே லவுஞ்சிலும் மணிக்கு உயரமான வழி ஒன்று வேண்டும், பின்னால் அது இறங்கி வரும் நாளுக்காக. 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையைத் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கு மேல் அடித்து, வழுக்காமல் பழைய பாய்த்துண்டை ஒட்டுங்கள். ஏறவும் இறங்கவும் இரண்டு வழி இருப்பது முக்கியம். ஒரே வழி என்றால் நாய் கீழே உட்கார்ந்துகொண்டால் போதும், பூனை சிறைப்பட்டுவிடும். மாடி அலமாரியில் இப்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

இந்த ஏற்பாட்டால் தீனிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். பூனைத் தீனியில் கொழுப்பும் புரதமும் அதிகம். நாய்க்குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். பூனை நாய்த் தீனியையே தின்று வாழ்ந்தால் டாரின் என்ற சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும். ட்ரேயிலிருந்து மலத்தைத் தின்பது குட்டிகளுக்குச் சகஜம், ஆனால் குடற்புழு பரவும்; கட்டியாகும் வகை மணலை நிறையத் தின்றால் குடலும் அடைபடும்.

முதல் மூன்று நாலு நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். மணி மாடி அறையை விட்டு மெல்ல வெளியே வந்து, பகலில் சாப்பிட்டு, ட்ரேயைப் பயன்படுத்தத் தொடங்கட்டும். அந்த நாட்களில் வாசனையைப் பரிமாறுங்கள். சுத்தமான பருத்தித் துணியால் மணியின் கன்னத்தையும் தாடையையும் தடவி, அந்தத் துணியை ராக்கி படுக்கும் இடத்துக்கு அருகே போடுங்கள். ராக்கியைத் துடைத்த துணியை மணியின் அறையில் ஒரு மூலையில் போடுங்கள். முகத்தருகே நீட்ட வேண்டாம், சாப்பாட்டுத் தட்டின் அடியிலும் வைக்க வேண்டாம். மணி அதை முகர்ந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனால் அடுத்த கட்டத்துக்குத் தயார். சீறினால், தினமும் புதுத் துணி போட்டு இன்னும் சில நாள்.

இதே நாட்களில் ராக்கிக்கு இரண்டு பாடம். ஒன்று, பெயரைச் சொன்னதும் உங்கள் முகத்தைப் பார்ப்பது. இன்னொன்று, ஒரு பாயில் படுப்பது. சொல்லித்தர வேண்டிய சொல் எந்த மொழியில் இருந்தாலும் சரி. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஆயா "படு" என்றும், மகள் "டவுன்" என்றும், அப்பா "சிட்" என்றும் சொன்னால் ராக்கிக்கு மூன்றுமே சத்தம்தான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நாலு தடவை போதும். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை அரைக் கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் படக் கூடாது. புரட்டாசி விரதத்தில் வீட்டில் கறி சமைக்காத நாட்கள் என்றால் ராக்கியின் அன்றாடத் தீனியையே எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து கொடுங்கள்.

மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் பட்டை ஒன்றும், இரண்டு மீட்டர் நீள லேசான லீஷ் கயிறும் வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் லீஷ் கட்டி இழுத்தால், பூனையைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது என்று குட்டி கற்றுக்கொள்ளும். அது உங்களுக்கு வேண்டாத பாடம்.

இப்போது பார்க்கவிடும் கட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான்.

நேரம் தேர்ந்தெடுங்கள். ராக்கி விளையாடி, வெளிக்குப் போய், லேசாகக் களைத்திருக்கும் பொழுது. ஆனால் தூக்கம் கெட்ட பொழுது அல்ல. இந்த வயதுக் குட்டி நாளில் 18 மணி நேரம்போலத் தூங்கும். சாயங்காலம் வீடு முழுக்கப் பேயாட்டம் ஆடும் குட்டி பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டிதான். அந்த நேரத்தில் பூனையைக் காட்டினால் காரியம் கெடும். வயிறும் முழுதாக நிரம்பியிருக்கக் கூடாது.

ஆள் இருவர் வேண்டும். ஒருவர் மாடிப்படியின் மேல்புறத்தில் மணிக்குப் பிடித்ததை, மீனோ ஈரத் தீனியோ, தட்டில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டும். மணியைத் தூக்கக் கூடாது. அதுவாக வந்தால் வரட்டும். இன்னொருவர் கீழே, கேட்டிலிருந்து குறைந்தது நாலு மீட்டர் தள்ளி, ராக்கியை லீஷில் பிடித்துப் பாயில் உட்கார வைக்கட்டும். லீஷ் தொய்வாக இருக்கட்டும்; இறுகிய லீஷே குட்டியைக் கிளறிவிடும்.

மணி படியில் தெரிகிறது. ராக்கி பார்க்கிறது. இந்த நொடியில் ராக்கியின் வாயைக் கவனியுங்கள். வாய் திறந்து, நாக்கு தெரிந்து, உடம்பு தளர்ந்திருந்தால் நல்லது. ஒன்றிரண்டு நொடியில் அது தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும், அல்லது தரையை முகரும். அந்தக் கணமே ஒரு துண்டு. மறுபடி பூனையைப் பார்க்கும், மறுபடி திரும்பும், மறுபடி ஒரு துண்டு. தானாகத் திரும்பாவிட்டால் மெல்லப் பெயரைச் சொல்லுங்கள், திரும்பினால் கொடுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருபது முப்பது துண்டு காலியாகிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள்.

வாய் சட்டென்று மூடிக்கொண்டு, காது முன்னே குவிந்து, வால் விறைத்து, முன்னங்கால் ஒன்று தூக்கியபடி சிலைபோல நின்றால் அது வேட்டைப் பார்வை. இரண்டு நொடிக்கு மேல் நிற்க விடாதீர்கள். அதட்ட வேண்டாம், சுண்டி இழுக்க வேண்டாம். குட்டியின் எதிரே குறுக்காக வந்து, பேசிக்கொண்டே உங்களோடு பக்கவாட்டில் நடத்திக் கூட்டிப்போங்கள். கறித்துண்டைக் கூட வாங்க மறுக்கிறது என்றால் நீங்கள் நிற்கும் தூரம் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த தடவை இன்னும் இரண்டு மீட்டர் பின்னால். இடமில்லாவிட்டால் கேட்டின் மேல் பாதியில் துணி ஒன்றைப் போர்த்தி, பார்வையைக் குறைத்துக்கொள்ளலாம்.

மேலே இருப்பவர் மணியைக் கவனிக்க வேண்டும். காது பக்கவாட்டில் மடிந்து, கண்மணி விரிந்து, உடம்பைத் தரையோடு ஒட்டி, வால் நுனி தரையில் அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்குப் போதும். நாய் வாலாட்டினால் ஆர்வம், பூனை வாலடித்தால் எரிச்சல்; மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். மணி தட்டில் உள்ளதைத் தின்றால், மெல்லக் கண் சிமிட்டினால், உட்கார்ந்து காலை நக்கத் தொடங்கினால் நன்றாகப் போகிறது. சீறினாலும் கவலைப்படாதீர்கள், அதைக் கண்டிக்கவும் வேண்டாம். சீறல் எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்து நகம்தான் பேசும்.

நாளுக்கு இரண்டு மூன்று தடவை. மூன்று நாள் தொடர்ந்து இருவரும் தளர்ந்திருந்தால் அரை மீட்டர் நெருங்குங்கள். ஒரு நாள் கெட்டுப்போனால் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். அது தோல்வி இல்லை, வழக்கமாக நடப்பதுதான். இதற்கிடையே ஒரு துரத்தல் நடந்துவிட்டால், மறுநாள் முழுக்கப் பார்வையே வேண்டாம். பிறகு இரண்டு படி பின்னால் இருந்து தொடங்குங்கள்.

கேட்டுக்கு ஒரு மீட்டர் அருகில் ராக்கி பாயில் படுத்துக் கொட்டாவி விடும் நாள் வரும். அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறக்கலாம். அப்போதும் ராக்கியின் லீஷ் தரையில் இழுபட்டுக்கொண்டே இருக்கட்டும், தேவைப்பட்டால் மிதித்து நிறுத்த. லீஷின் கைப்பிடி வளையத்தை வெட்டிவிடுங்கள், நாற்காலிக் காலில் மாட்டாது. மணி லவுஞ்சைக் கடந்து போகும்போது ராக்கிக்கு வேலை கொடுங்கள்: கடித்து மெல்ல ஏதாவது, நக்க ஏதாவது. நடக்கும் பூனையைப் பொறுத்துக்கொள்ளும் குட்டி, ஓடும் பூனையைப் பொறுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அது கடைசிப் பாடம். யார்டில் ஓடும் பூனை அதைவிடக் கடினம். வீட்டுக்குள் நண்பர்களாக இருக்கும் ஜோடிகூட வெளியே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இருவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே போவது எப்போது? குறைந்தது நாலு வாரம் ஒரு துரத்தல்கூட இல்லாமல் போன பிறகு, முதலில் பத்து நிமிடம் என்று தொடங்கலாம். ஜாக் ரஸ்ஸல் கலப்பு என்பதால் ராக்கிக்கு ஒரு வயது நிரம்பும்வரை, ஆள் இல்லாத வீட்டில் கேட் மூடியே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம்வரை குட்டி முரண்டு பிடிக்கும் பருவம். கற்றதெல்லாம் மறந்ததுபோலத் தெரியும்.

மின் பிளக்கில் செருகிவைத்தால் பூனையின் அமைதி வாசனையைப் பரப்பும் கருவிகள் மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் கிடைக்கின்றன. 2020இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் நாயும் பூனையும் உள்ள வீடுகளில் இவற்றைச் சோதித்து, உரசல் குறைந்ததாக எழுதினார்கள். ஆனால் வெற்றுக் கருவி வைத்த வீடுகளோடு ஒப்பிடவில்லை. பணம் குறைவு என்றால் முதலில் கேட்டையும் பலகையையும் வாங்குங்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். டர்பன் ஈரப்பதத்தில் உண்ணிக்குக் குறைவில்லை, உண்ணிக் காய்ச்சல் பயத்தில் நாய்க்குட்டியின் பிடரியில் மருந்து விடுவோம். அந்தச் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனையைக் கொல்லும். பூனைக்குத் தவறாகப் போட்டால் மட்டுமல்ல, மருந்து போட்ட நாயோடு உரசினாலோ அதன் முதுகை நக்கினாலோகூட. சில மணி நேரத்தில் தசை துடிக்கும், நடுங்கும், வலிப்பு வரும். அப்படி ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் கழுவி, துண்டில் சுற்றி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சுடுநீர் கூடாது, மருந்து இன்னும் உள்ளே இறங்கும். பெட்டியில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். வாய்வழி மாத்திரைகளில் பாதுகாப்பானவை உண்டு, குட்டியின் எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பூசி: ராக்கிக்குப் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) உள்ளிட்டவற்றுக்கான ஊசிகள் 16 வாரம்வரை மூன்று நாலு வார இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி 12 வாரத்தில். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் இன்றும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி போடுவது தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயம், வீட்டுக்குள் வாழும் மணிக்கும் சேர்த்து. மணியின் அட்டையை எடுத்துப் பாருங்கள்; காலம் கடந்திருந்தால் அதற்கும் போட்டுவிடலாம், ஆனால் இரண்டையும் வெவ்வேறு நாளில் கொண்டுபோங்கள். ஒரே காரில் ஒரே நேரத்தில் பயந்தால், அந்தப் பயத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக்கொள்ளும்.

தீபாவளிக்கும் இதே எச்சரிக்கை. வெடிச்சத்தத்தில் வெருண்ட பூனை, அருகில் யார் இருக்கிறார்களோ அவர்களை அடிக்கும். அதன் பிறகு அந்த முகமே அதற்குப் பகையாகிவிடலாம். அன்றைக்குப் பொழுது சாயுமுன் மணியை மாடி அறையில் வைத்துத் திரையை இழுத்துவிடுங்கள், ராக்கியைக் கீழே ஒருவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் காலைவரை கேட் திறக்க வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். விருந்தாளிகள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். துண்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் வைப்பது அவள் வேலை. மணியின் மாடி அறையில் தினமும் கால் மணி நேரம் விளையாடுவதும் அவள் வேலை. பூனையைத் தூக்கிக்கொண்டு நாயிடம் போவது மட்டும் இனி யாரும் செய்யக் கூடாது.

ஆயாவின் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும், எந்தத் தூரத்திலும் ராக்கி தின்பண்டத்தை மறுத்துப் பூனையை மட்டுமே வெறித்தால், கிடைத்த வாய்ப்பில் கவ்வப் பார்த்தால், அல்லது மணி மெலிந்துகொண்டே போய் ட்ரேயை விட்டுவிட்டால், விலங்கு நடத்தையில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு வரவழையுங்கள். அவரும் கடினம் என்று சொன்னால், பூனை இல்லாத நல்ல வீடு பார்த்து ராக்கியைக் கொடுப்பதில் தப்பில்லை. நாலு மாதக் குட்டி புது வீட்டில் எளிதாக வேர் பிடிக்கும். ஆறு வயதுப் பூனைக்கு அது கடினம். ஆனால் ஒரு வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது.

நாளைக்குக் காலையில் ட்ரேயை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். மருத்துவரிடம் சிறுநீரைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதையும் மணி பகலில் இறங்குகிறதா என்பதையும் அடுத்த வாரம் எழுதுங்கள்.